உப்பு வீசாத சுமோ

டோக்கியோவில் சுமோ பார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் ரியோகோகு கொகுகிகான் அரங்கில் பதினைந்து நாள் நடக்கும் தொழில்முறைப் போட்டிக்கு, டிக்கெட் விற்பனை தொடங்கும் நிமிடத்தில் இணையத்தில் முண்டியடித்து வாங்குவது ஒன்று. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே அரங்குக்குச் சும்மா கிளம்பிப் போவது இன்னொன்று. அன்றைக்குத்தான் அகில ஜப்பான் சுமோ சாம்பியன்ஷிப், அதாவது அமெச்சூர்களுக்கான போட்டி. பெரிய போட்டியைவிடச் செலவு ரொம்பக் குறைவு, உட்கார இடமும் தாராளம். எனக்கு அந்த ஞாயிறு வேறு வேலை இல்லை, நான் இருக்கும் நிஷிகசாயிலிருந்து ஒரு ரயில் மாறினால் ரியோகோகு வந்துவிடும். போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அதுவரை நான் பார்த்த சுமோ எல்லாம் என்எச்கே டிவியில், சாயங்காலம் ஆறு மணிக்குள் முடியும் கடைசி நாலைந்து ஆட்டங்கள். டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்பை அள்ளி வீசுவார்கள், குந்துவார்கள், முறைப்பார்கள், எழுந்து மூலைக்குப் போவார்கள், மறுபடி உப்பு, மறுபடி முறைப்பு. மேல் பிரிவில் இதற்கு மட்டும் நான்கு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் நடக்கும் ஆட்டம் பல சமயம் பத்து விநாடிகூட நிற்காது. அந்த நான்கு நிமிடத்தை ரசிப்பவர்கள் உண்டு, அதில்தான் சுமோவே இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த நேரத்தில் டீ போடத்தான் தோன்றும்.

அமெச்சூரில் டீ போட நேரமில்லை. உப்பு கிடையாது, விளம்பரக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி வருபவர்கள் கிடையாது, பட்டுக் கிமோனோவும் கையில் விசிறியுமாக வரும் நடுவரும் கிடையாது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கழுத்தில் கறுப்பு போ டை கட்டிய ஒருவர் வருகிறார், பார்த்தால் பழைய கால ஹோட்டல் மேனேஜர் மாதிரி இருக்கிறார், அவர்தான் நடுவர். வீரர்கள் தலையில் கொண்டை இல்லை, ஒட்ட வெட்டிய முடிதான். இடுப்பில் வெள்ளைக் கித்தான் மவாஷி. தொழில்முறை வீரர்கள் பட்டு மவாஷி கட்டி வந்து டிவியில் தெய்வச் சிலை போல நிற்பார்கள். இவர்கள் காலையில் ரயிலில் என் எதிரே உட்கார்ந்து வந்திருக்கக்கூடியவர்கள், இப்போது துணியை அவிழ்த்துவிட்டு மேடையேறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இருவரும் ஏறி, வணங்கி, குந்தி, இரண்டு கையையும் தரையில் ஊன்றுகிறார்கள். நடுவர் "ஹக்கியோய்!" என்று குரல் கொடுத்ததும் மோதல். தொழில்முறையில் எப்போது பாய்வது என்பதை எதிரெதிரே இருக்கும் இருவரும் மூச்சை வைத்துத் தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும், இங்கே அதை நடுவரின் குரல் செய்கிறது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருப்பவர்கள் போல உடம்பு முழுக்க இறுகிக் கிடக்கிறார்கள். குரல் வந்த அடுத்த கணம் நெற்றியும் நெற்றியும் மோதுகிற சத்தம். பதினோராயிரம் பேர் உட்காரும் அரங்கில் காலை வேளையில் பாதிகூட நிரம்பியிருக்காது, அதனால் அந்தச் சத்தம் கூரை வரைக்கும் போய்த் திரும்புகிறது. டிவியில் இது கேட்காது, வர்ணனையாளர் பேசிக்கொண்டிருப்பார். முதல் மோதலைக் கேட்டதும் நான் வாயில் வைத்த அரிசி உருண்டையை மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மேடை மட்டும் அதேதான். களிமண்ணை அடித்து இறுக்கிய சதுர மேடு, அதன் நடுவே வைக்கோல் புரி பதித்த 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டம். மேலே தூண் இல்லாமல் கம்பியில் தொங்கும் கோயில் கூரை, நான்கு மூலையிலும் நான்கு நிறக் குஞ்சங்கள். 1952 வரைக்கும் அந்தக் கூரைக்குத் தூண்கள் இருந்தன, பார்ப்பவர்களுக்கு மறைக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். இந்த அமெச்சூர் சாம்பியன்ஷிப் தொடங்கியதும் அதே 1952-இல்தான். மேடு தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும், ஆனால் 150 கிலோ ஆள் பின்பக்கமாக அதிலிருந்து கீழே விழுவதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த விளிம்பின் மேலேயே கண் போகும்.

நாள் எப்படி ஓடுகிறது என்றால், காலையில் எல்லாருக்கும் மூன்று தகுதிச் சுற்று ஆட்டங்கள், அதில் தேறும் 32 பேருக்கு மதியத்துக்கு மேல் நாக் அவுட். ஒருவரையே ஒரு நாளில் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். பெரிய போட்டியில் ஒரு வீரர் ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம்தான் ஆடுவார், அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் தொடர்ந்து பார்க்க வேண்டும். இங்கே மதியத்துக்குள் ஓரளவு பிடிபட்டுவிடுகிறது, இவர் நேராக மார்பில் மோதுபவர், அவர் இடது கையை உள்ளே விட்டு மவாஷியைப் பிடிக்கப் பார்ப்பவர், இந்த ஆள் பின்வாங்கித் தலையை அமுக்குவார், ஆனால் அது தெரிந்த எதிரி கிடைத்தால் காலி. எந்த விவரமும் தெரியாமல் வந்த நான் பன்னிரண்டு மணிக்கெல்லாம் பக்கத்தில் யாரும் கேட்காமலே மனசுக்குள் கருத்துச் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

எடைப் பிரிவும் கிடையாது. உலக அமெச்சூர் போட்டிகளில் ஆண்களுக்கு 85 கிலோ, 115 கிலோ என்று வரம்பு வைத்துப் பிரிப்பார்கள். இந்தச் சாம்பியன்ஷிப்பில் எல்லாரும் ஒரே குடுவையில். இருபது வயதுக் கல்லூரி மாணவன், நிறுவனத்துக்காக ஆடும் ஊழியர், உடற்பயிற்சி ஆசிரியர், மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், இடையில் பள்ளிக்கூடப் பையன்கள்கூட.

நான் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வயது இருக்கலாம், நிறுவன வீரர், மற்றவர்களோடு ஒப்பிட்டால் சின்ன உடம்பு, நூறு கிலோவைத் தாண்டியிருந்தால் அதிசயம். மேடைக்குக் கீழே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். எனக்கு அது போதும், என் ஆதரவு அவருக்கே. முதல் ஆட்டத்தில் எதிராளியின் மார்புக்குக் கீழே புகுந்து முகத்தை அங்கேயே புதைத்துக்கொண்டு, அந்தப் பெரிய ஆள் இடம் வலம் ஆட்டிப் பார்த்தும் விடாமல், கால் கட்டைவிரலால் மண்ணைக் கவ்விக் கவ்வி அங்குலம் அங்குலமாக வெளியே தள்ளினார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று, சுமோவில் அது ஒரு யுகம். இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு விநாடியில் வெளியே. மூன்றாவதில் ஜெயித்தார். நாக் அவுட்டுக்கும் வந்துவிட்டார்.

அங்கே அவருக்கு எதிரே வந்தது பல்கலைக்கழக மாணவன் ஒருவன், குறைந்தது ஐம்பது கிலோ கூட இருப்பான், வயது பத்து கம்மி. குரல் வந்தது, நம்ம ஆள் வழக்கம் போலக் குனிந்து புகப் பார்த்தார், பையன் அதைக் காலையிலிருந்து பார்த்து வைத்திருக்கிறான் போல, இரண்டு கையாலும் தோளை நிமிர்த்தி மூன்றே எட்டில் மேடையை விட்டே அனுப்பிவிட்டான். முன்வரிசை ஆட்கள் கை நீட்டித் தாங்கினார்கள். எழுந்து, மறுபடி ஏறி, வணங்கி, இறங்கினார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். தொழில்முறையில் இன்று தோற்றால் நாளை இருக்கிறது, பதினைந்தில் எட்டு ஜெயித்தால் அந்தப் போட்டி லாபக் கணக்கு. இங்கே மதியத்துக்கு மேல் ஒரு தோல்வி என்றால் அந்த வருஷம் முடிந்தது, திங்கட்கிழமை ஆபீஸ். தோற்றவர்கள் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை என்பதைக் கவனித்தேன். பாதிப் பேர் மாடியிலிருக்கும் தங்கள் கூட்டத்தைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள், மாணவர்கள்தான் சில பேர் நடைபாதைக்குப் போனதும் துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார்கள்.

மாடியில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு கூட்டம். பெரிய போட்டியில் சபையே சேர்ந்து கத்துவதால் தனிக் குரல் கேட்காது, இங்கே எல்லாம் கேட்கிறது. "முன்னே போ, முன்னே!" என்று ஒரே வார்த்தையைப் பத்துத் தடவை கத்தும் நண்பன், பையனின் செல்லப் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொள்ளும் அம்மா. தோற்றவனின் பயிற்சியாளர் தலையில் கை வைத்தபடி எழுந்து போவதுகூடத் தெரிகிறது.

என் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. கணவர் நிகழ்ச்சிநிரலில் பென்சிலால் ஒவ்வொரு முடிவையும் குறித்துக்கொண்டிருந்தார், மனைவி ஆரஞ்சு உரித்து அவருக்கும் அப்புறம் எனக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். என் ஜப்பானிய மொழி கணினி ஆபீஸ் மீட்டிங்குக்குத் தேறும், சுமோவுக்குத் தேறாது என்று தெரிந்ததும் பெரியவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதில் முக்கால்வாசி ஆட்டத்தைப் பற்றி இல்லை, யாருக்கு எங்கே வேலை என்பதைப் பற்றி. இவன் இன்ன நிறுவனத்தில் இருக்கிறான், அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகப் போகிறான், இந்தப் பையன் மட்டும் தொழில்முறைக்குப் போவான் போலிருக்கிறது, பார்க்கலாம். நம்மூரில் ரயில்வே அணிக்கும் போலீஸ் அணிக்கும் ஆடும் கபடிக்காரர்களைப் பற்றி டீக்கடையில் பேசுவார்களே, சாட்சாத் அதே பேச்சு.

தொழில்முறைக்குப் போவதா வேண்டாமா என்பது உண்மையில் பெரிய கேள்விதான். தொழில்முறையில் மேலிருந்து இரண்டாவது பிரிவான ஜூர்யோவுக்குள் நுழைந்தால்தான் மாதச் சம்பளம், பத்து லட்சம் யென்னுக்கு மேல். அதற்குக் கீழே நான்கு பிரிவுகள், அங்கே சம்பளம் என்று எதுவும் இல்லை, போட்டிக்குப் போட்டி ஒரு சிறு படிதான், பயிற்சிக் கூடத்திலேயே கும்பலாகப் படுத்து எழுந்து சமையலும் கழுவலும் செய்ய வேண்டும். கல்லூரியில் பட்டம் வென்று வருபவர்களுக்கு அடித்தட்டிலிருந்து தொடங்காமல் நடுவில் நுழைய ஒரு சலுகை உண்டு. இந்தப் போட்டியில் ஜெயிப்பவருக்கு அமெச்சூர் யோகோசுனா என்று பெயர் (யோகோசுனா என்பது தொழில்முறை சுமோவின் உச்சப் பதவி), அது அந்தச் சலுகைக்கான பெரிய சாவி. அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று ஊருக்குத் திரும்புபவர்களும் இருக்கிறார்கள்.

மிதாகேஉமி 2014-இல் மாணவர் பட்டத்தையும் இந்தப் பட்டத்தையும் ஒரே வருஷம் வென்றவர். அப்படியும் வகாயாமா மாகாண அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்வதாகத்தான் இருந்தாராம், கடைசியில் மனசு மாறித் தொழில்முறைக்குப் போய், மூன்று முறை கோப்பை வென்று 2022-இல் ஓஸெகி ஆனார், யோகோசுனாவுக்கு அடுத்த படி. மறுபக்கம் குஷிமாஉமி. 1983-இல் பள்ளி மாணவனாக இருந்தபோதே அமெச்சூர் யோகோசுனா, பிறகு கல்லூரியில் வாங்காத பட்டமில்லை. தொழில்முறையில் அவரால் மேல் பிரிவின் கடைசி வரிசையான மாயேகாஷிராவின் உச்சியைத் தாண்டவே முடியவில்லை. 2020-இல் முதலாண்டு மாணவனாக இருந்தே பட்டம் வென்ற ஹனாதா ஹிதெதோரா இன்னொரு மாதிரி, சுமோவையே விட்டுவிட்டு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடக் கொலராடோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

பெரியவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேசியது ஒருவரைப் பற்றி மட்டும்தான், நகாமுரா தாய்கி. 2021, 2022 இரண்டு வருஷமும் இதே மேடையில் பட்டம் வென்ற பையன். 2023 மே மாதம் ஓனோசாதோ என்ற பெயரில் தொழில்முறைக்கு வந்தார், 2025 மே மாதம் யோகோசுனா ஆகிவிட்டார், வெறும் பதின்மூன்று போட்டிகளில். அதற்கு முன் அந்த வேகச் சாதனை வாஜிமாவிடம் இருந்தது, இருபத்தொரு போட்டி. வாஜிமாவும் கல்லூரி ஆள், 1973-இல் யோகோசுனா ஆனவர். இவர்கள் இருவரைத் தவிரக் கல்லூரியிலிருந்து வந்து யோகோசுனா ஆனவர் யாரும் கிடையாது, இருவருமே இஷிகாவா மாகாணத்துக்காரர்கள். பெரியவருக்கு எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அரங்கில் பெண்கள் நிறையப் பேர், அம்மாக்கள், தோழிகள், கல்லூரி அணி மேலாளர்கள், ஆனால் அந்த மேட்டின் மேல் ஒருவர்கூட இல்லை. தொழில்முறைச் சங்கம் தன் மேடையில் பெண்களை ஏற விடுவதில்லை. 2018 ஏப்ரலில் மாய்ஸுரு நகரத்தில் நடந்த ஒரு கண்காட்சி நிகழ்ச்சியில் மேடையிலேயே மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்ய ஓடிவந்த பெண்களை, கீழே இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாடே கொதித்தது, சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், விதி அப்படியே இருக்கிறது. இதைச் சம்பிரதாயம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது, சபரிமலை வழக்கைப் பார்த்த நாட்டிலிருந்து வந்தவனுக்கு இந்த வாதம் புதிதும் இல்லை. அமெச்சூர் உலகத்துக்கு அந்தத் தடை கிடையாது என்பது ஆறுதல். பெண்களுக்கு உலகப் போட்டி 2001-இலிருந்து நடக்கிறது. ஜப்பானில் அவர்களுக்கான தேசியப் போட்டியை ஒசாகா பக்கம் சகாய் நகரில் பூங்காவுக்குள் இருக்கும் ஓர் அரங்கில் நடத்துகிறார்கள், ஒட்டிய உடைக்கு மேல் மவாஷி கட்டி ஆடுவார்கள். மும்பைப் பெண் ஹேத்தல் தவே 2009-இல் தைவானில் உலக விளையாட்டுப் போட்டிகளில் சுமோ ஆடியிருக்கிறார், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் கல்லூரியில் எவ்வளவு ஜெயித்தாலும் ஒரு பெண்ணுக்கு அதற்கப்புறம் தொழில்முறை என்ற கதவே இல்லை. பெரியவர் பேசிய வேலைப் பட்டியலில் அவர்களுக்கு ஆசிரியர், அலுவலகம் இரண்டு மட்டும்தான்.

அமெச்சூர் போட்டி என்றால் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். 2019-இல் ஒசாகாவில் நடந்த உலக ஜூனியர் சுமோ போட்டிக்கு உக்ரைனின் வின்னிட்சியாவிலிருந்து ஒரு பையன் வந்தான். மூன்றாம் இடம். அங்கே கான்சாய் பல்கலைக்கழக சுமோ வீரர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. 2022-இல் போர் வந்ததும் பையன் ஜெர்மனிக்குத் தப்பிப் போனான், அங்கிருந்து அந்த நண்பருக்குச் செய்தி அனுப்பி, ஜப்பானுக்கு வந்து அவர் வீட்டில் தங்கி, அந்தக் கல்லூரி அணியோடு பயிற்சி செய்து, 2023-இல் தொழில்முறைக்குள் நுழைந்தான். அவன்தான் அவோனிஷிகி அராதா. அராதா என்பது அந்த நண்பரின் பெயர். 2025 நவம்பரில் ஃபுகுவோகாவில் கோப்பை வென்று ஓஸெகி ஆகிவிட்டார். (இப்போது மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும்.)

மூன்று மணிக்கு மேல் அரங்கு ஓரளவு நிரம்பியிருந்தது. அரையிறுதிக்கு வரும்போது எல்லாருமே பெரிய ஆட்கள், ஆட்டமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. மோதல், ஒரு தள்ளு, முடிந்தது. சொல்லப்போனால் காலை ஆட்டங்கள்தான் எனக்குப் பிடித்தன, அங்கேதான் சின்ன உடம்புக்காரர்களின் சாமர்த்தியத்துக்கு இடம் இருந்தது. போக நினைப்பவர்கள் இறுதியாட்டத்துக்காக மதியம் போகாதீர்கள், காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். சாப்பாட்டை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்துச் சதுரப் பெட்டி இருக்கைகளில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், நமக்கு அது பழக்கம்தான், ஆனால் நான்கு பேர் என்று போட்டிருக்கும் பெட்டியில் மூன்று பேர் உட்கார்ந்தாலே முழங்கால் இடிக்கும்.

அரையிறுதியில் தோற்றவர்களில் ஒரு மாணவன் இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டிருந்தான், இறங்கும்போது படியில் ஒரு கணம் தடுமாறினான். அதற்கப்புறம் பரிசளிப்பு முடியும்வரை என் பக்கத்துத் தம்பதிக்குள் அவனைப் பற்றித்தான் வாக்குவாதம்.

"ஒரு ரெண்டு வருஷம் தொழில்முறைக்குப் போய்ப் பார்க்கட்டுமே. இந்த உடம்பை வச்சுக்கிட்டு ஆபீஸ்ல உட்கார்ந்தா வீண்," என்றார் பெரியவர்.

"அந்த முழங்காலைப் பார்த்தீங்களா? வாத்தியார் வேலைக்குப் போகட்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்," என்றார் அம்மா.

"வாத்தியார் வேலைக்கு எப்ப வேணும்னாலும் போகலாம்."

"நடக்க முடிஞ்சாத்தானே போறது?"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, இந்தியர் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் யோசிக்காமல், வாத்தியார் வேலைதான் நல்லது என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம், பையிலிருந்த கடைசி ஆரஞ்சை எடுத்து உரிக்காமல் முழுதாகவே என் கையில் வைத்தார். பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார், அப்புறம் நிகழ்ச்சிநிரலை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே, கணினிக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்றார்.